ஏழு நிமிடப் படத்துக்காக அழிக்கப்படும் மூலப்பதிவுகள்

நம் துறைகளில் ‘களப்பதிவு’ என்ற சொல்லின் பொருள் எப்போதோ மாறிவிட்டது. மூன்று ஆண்டுகள் ஓர் ஊரில் புழங்கிக் காணொளி எடுத்த ஆய்வாளரிடம் அவற்றைப் பார்க்கலாமா என்று கேட்டால், அவர் நீட்டுவது ஏழு நிமிடப் படம் ஒன்றை. அதில் விடியற்காலைக் காயல் உண்டு. ட்ரோனில் எடுத்த ஓட்டுக்கூரைகள் உண்டு. பின்னணியில் புல்லாங்குழல் கட்டாயம் உண்டு. முதியவர் ஒருவர் ஒன்றரை வாக்கியம் பேசுவார். இரண்டாவது வாக்கியம் முடியுமுன் ஆய்வாளரின் வர்ணனைக்குரல் அதன்மேல் ஏறிவிடும். அந்த முதியவர் பேசிய மீதி எங்கே என்று கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் இதுதான்: ‘கார்டில் இடமில்லை, அழித்துவிட்டேன்.’

கட்டுரை வெளிவந்ததும் களக்குறிப்பேட்டைக் கிழித்தெறிந்ததாக ஒருவர் சொன்னால் நாம் திடுக்கிடுவோம். மைப்படி எடுத்தபின் கல்வெட்டை உடைத்தவரை மன்னிக்கமாட்டோம். காணொளி என்றால் மட்டும் அழித்தவரைக் கைதட்டி அனுப்புகிறோம். நாம் அதைத் தரவாகக் கருதவில்லை, சினிமாவாகக் கருதுகிறோம் என்பதே இதற்குக் காரணம். சினிமாவில் வெட்டி எறியப்பட்டது கழிவு. ஆய்வில் வெட்டி எறியப்பட்ட பகுதியிலேதான் தயக்கமும் திருத்திச் சொன்னதும் பக்கத்து வீட்டார் குறுக்கிட்டதும் மொழி மாறிப் பேசியதும் இருக்கும். மட்டாஞ்சேரியில் ஒரு தமிழ்க் குடும்பம் எந்த இடத்தில் தமிழிலிருந்து மலையாளத்துக்கு வழுக்குகிறது என்பதை ஆராய வேண்டுமென்றால், ‘அழகாக’ வெட்டிய படம் ஒரு பயனுமில்லாதது.

நான் தேவராவில் தங்கி, வெண்டுருத்திப் பாலமும் தோப்பும்படிப் பாலமும் கடந்து மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் களப்பணிக்குப் போய்வருகிறேன். முதுகலை மாணவர்களும் ஆய்வைத் தொடங்கும் நண்பர்களும் என்னிடம் ஓயாமல் கேட்பவை மூன்று: எந்தக் கேமரா வாங்குவது, எந்த மென்பொருளில் தொகுப்பது, எப்படிப் பகிர்வது. உட்பெட்டியில் தனித்தனியே எழுதிக் கை வலிக்கிறது. ஆகவே இங்கே பொதுவில் எழுதுகிறேன். ஆனால் மூன்று கேள்விகளுக்கும் முன்னால் கேட்க வேண்டிய நான்காவது கேள்வி ஒன்று உண்டு. இருபது ஆண்டுகள் கழித்து இதை யார் பார்க்க வேண்டும்? அதற்கு விடை தெரியாமல் கேமரா விலைப்பட்டியலைத் திறப்பது வீண்.

கேரளத்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம். 1975 ஏப்ரலில் திருச்சூர் மாவட்டத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் அக்னிசயனம் என்னும் வேள்வியைப் பன்னிரண்டு நாட்கள் நடத்தினர். ஃப்ரிட்ஸ் ஸ்டாலும் ராபர்ட் கார்ட்னரும் அதைப் படமெடுத்தனர். 1976இல் வெளிவந்த ‘ஆல்டர் ஆஃப் ஃபயர்’ ஏறத்தாழ 45 நிமிடம் ஓடும். எடுக்கப்பட்ட மூலப்படமோ சுமார் இருபது மணி நேரம். இந்நிகழ்வில் எவ்வளவு வேள்வி, எவ்வளவு படப்பிடிப்பு என்ற வினாவைப் பின்னர் ரிச்சர்ட் ஷெக்னர் எழுப்பினார். நியாயமான வினா. ஆனால் அதற்கான விடையை அந்த 45 நிமிடத்தில் எவரும் தேட முடியாது. அது ஒரு நோக்கத்துக்காக வடிகட்டிய படம். கேமராவுக்காக யாரேனும் இடம் மாறி நின்றார்களா, ஒரு செயல் இரண்டு முறை செய்யப்பட்டதா என்பனவெல்லாம் வெட்டப்பட்ட பகுதியில்தான் தெரியும். படத்தை மறுக்க விரும்புபவருக்கும் அப்படத்தின் மூலப்பதிவே தேவைப்படுகிறது. ஆய்வு என்று நாம் சொல்வது இந்த மறுப்புக்கு இடம்விடுவதைத்தானே?

இன்னொரு சான்று இதைவிட முதன்மையானது. ஆர்னல்ட் பாக்கே என்ற டச்சு இசையறிஞர் 1938ஆம் ஆண்டையொட்டித் தென்னிந்தியாவில் சுற்றி, ஒலிப்பதிவுகளும் ஒலியில்லாத 16 மிமீ படங்களும் எடுத்தார். அவருடைய மாணவரான நசீர் ஜைரஸ்பாயும் ஏமி கேட்லினும் 1984இல் அப்பதிவுகளின் படிகளைத் தூக்கிக்கொண்டு தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய பகுதிகளில் அதே ஊர்களுக்குத் திரும்பச் சென்றனர். அந்தக் கலைமரபினருக்கே போட்டுக் காட்டினர். அவர்கள் பார்ப்பதையும் சொல்வதையும் பதிந்தனர். பாக்கே தமக்குப் பிடித்த ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியை எறிந்திருந்தால் 1984இல் எடுத்துச் செல்ல என்ன இருந்திருக்கும்? ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் பயன்படப்போகிறது என்று தெரிந்து அவர் வைக்கவில்லை. வைத்தார், அவ்வளவே.

மட்டாஞ்சேரிக்கு வருவோம். கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாடல்கள் கையெழுத்து நோட்டுகளிலும் நினைவிலும் இருந்தவை. பாடியவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புலம்பெயர்ந்தனர். பார்பரா ஜான்சனும் ஷெர்லி ஐசன்பெர்க்கும் பிறரும் பல ஆண்டுகளாகச் சேகரித்த பதிவுகளிலிருந்து 2004இல் எருசலேமின் யூத இசை ஆய்வு மையம் ஒரு குறுந்தகட்டை வெளியிட முடிந்தது. ஒளிவிளக்கோ ட்ரோனோ அங்கே வேலை செய்யவில்லை. யாரோ ஒருவர் நாடாக்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான் வேலை செய்தது.

இப்போது ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியில் உள்ள டோபி கானாவை எண்ணிப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுக்க வந்தவர்களின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் தமிழ் வண்ணார் சமூகத்தார் அங்கே இன்றும் கல்லில் துவைக்கிறார்கள், கரிப்பெட்டியில் தேய்க்கிறார்கள். கொச்சியில் இவ்வளவு கேமராக்கள் நுழைந்து வெளியேறும் வேலையிடம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. சுற்றுலாப் பயணிகளை விடுங்கள். அவர்கள் எவருக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். கல்லூரி அடையாள அட்டையோடு, ‘ஆய்வுக்காக’ என்று சொல்லி நுழைந்த நாம் எத்தனை மணி நேரம் பதிந்தோம், அதில் எத்தனை மணி நேரம் இன்று எங்கே இருக்கிறது? எந்தத் துறையிடமாவது பட்டியல் உண்டா? கொடியில் வெள்ளைத் துணி காற்றில் ஆடும் அதே காட்சி நூறு படங்களில் இருக்கும். அங்கே வேலை செய்பவர்கள் தம் தமிழில் நீளப் பேசிய பேச்சு, சொற்பொருளோடு, எங்கே இருக்கிறது?

ஆகவே என் வாதம் எளியது. கள ஆய்வுக் காணொளியின் முதன்மை வடிவம் தொகுக்கப்படாத மூலப்பதிவே. கேமரா, மென்பொருள், பகிர்வு ஆகிய மூன்றையும் அதற்கேற்பத் தெரிவு செய்ய வேண்டும். இனி நடைமுறை.

துறையின் கொள்முதல் குழு செய்வது எல்லா ஊரிலும் ஒன்றே. கிடைத்த தொகை முழுவதையும் ஒரு முழுச்சட்ட மிரர்லெஸ் கேமராவிலும் ஒரு லென்சிலும் கொட்டிவிடுவார்கள். ஒலிவாங்கிக்குப் பணமில்லை. வன்தட்டுக்குப் பணமில்லை. பின்னணி மங்கலாகும் படம் கிடைக்கும், பேச்சு கேட்காது, இரண்டு ஆண்டில் படமும் இராது. நான் சொல்வது: கேமராவுக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை ஒலிக்கும் சேமிப்புக்கும் மாற்றுங்கள். மீதிப் பாதியில், பழைய சந்தையிலேனும், ஒரு கேம்கார்டர் வாங்குங்கள்.

கேம்கார்டர் என்றால் கல்யாண வீடியோ எடுக்கும் கருவி என்று முகம் சுளிப்பவர்கள் அது எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதை எண்ணுவதில்லை. மணிக்கணக்கில் நிற்காமல் ஓடுவதற்காக. மின்செருகியில் மாட்டியபடியே பதியலாம். லென்ஸ் மாற்றாமல் அறையின் மறுமூலைவரை நெருங்கலாம். பேசுபவரின் மூக்குக்கு முன்னால் கண்ணாடிக் குழாயை நீட்ட வேண்டியதில்லை. சற்று உயர்ந்த மாதிரிகளில் இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் வசதியும் தொழில்முறை ஒலிவாங்கியை நேரடியாகச் செருகும் எக்ஸ்எல்ஆர் துளையும் உண்டு. மாறாக, பழைய டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 விநாடியில் தாமாகவே நின்றுவிடும். இது பொறியியல் வரம்பன்று. முப்பது நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராவாக வகைப்படுத்திக் கூடுதல் சுங்கம் விதித்ததால் நிறுவனங்கள் வைத்த கத்தரி அது. மட்டாஞ்சேரி மூதாட்டி ஒருவர் தம் திருமணக் கதைக்கு வந்து சேரவே நாற்பது நிமிடமாகும். பிரசெல்சின் சுங்க விதி அவர் பேச்சை அறுக்க நாம் ஏன் இடம்தர வேண்டும்?

4கே வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போடுவோம். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே, மணிக்கு 45 ஜிபி. விநாடிக்கு 24 மெகாபிட்டில் பதியும் முழு ஹெச்டி, மணிக்கு 11 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. இருபது மணி நேரக் களப்பதிவு முதல் வகையில் 900 ஜிபி. இரண்டாம் வகையில் 216 ஜிபி. மூன்று படிகள் வைத்தாக வேண்டும் என்பதால் 2,700 ஜிபிக்கும் சுமார் 650 ஜிபிக்கும் உள்ள வேறுபாடு இது. முன்னதை ஆய்வு உதவித்தொகையில் காப்பாற்ற முடியாது, ஆகவே அழிப்பீர்கள். அழிக்கப்பட்ட 4கேயைவிட வைத்திருக்கும் ஹெச்டி தெளிவானது. கைவினை நுணுக்கத்தைப் பதிபவர்கள், ஓலைச்சுவடி எழுத்தைப் பதிபவர்கள் இதற்கு விதிவிலக்கு. நேர்காணலுக்கு ஹெச்டி தாராளம்.

விளக்கு பற்றி ஒரே குறிப்பு: நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 அல்லது 50 சட்டம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் டியூப்லைட் அறையில் படம் துடிக்காது. கைபேசிகள் தாமாக 30 சட்டத்தில் எடுப்பதால்தான் அந்தக் கறுப்புப் பட்டைகள் படத்தில் ஊர்கின்றன.

ஒலியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனெனில் நாம் தோற்பது அங்கேதான். கேமராவின் உள்ளிருக்கும் ஒலிவாங்கி அறையைக் கேட்கிறது, ஆளைக் கேட்பதில்லை. சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்றும், தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் கேமராவின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். அவற்றில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். பின்னர் படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்தலாம். தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். டோபி கானா போன்ற இடத்தில் இது உயிர்ப்பிரச்சினை: கல்லில் துணி அறையும் ஒவ்வோர் அடிக்கும் தானியங்கி மிரண்டு ஒலியளவைக் கீழே தள்ளும், அடுத்து வரும் மூன்று சொற்கள் அமிழ்ந்துபோகும், மெல்ல ஏறும்போது மறுபடி ஓர் அடி. ஒரு மணி நேரப் பேட்டி முழுவதும் இப்படி மூச்சுத்திணறியதை எந்த மென்பொருளும் மீட்காது. கையால் அளவை வைத்து, உரத்த ஒலி மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்குமாறு பார்த்துக்கொண்டால் போதும். காயற்காற்றுக்கு ஒலிவாங்கியின் மேல் மயிருறை போடுங்கள். பஞ்சுறை வீட்டுக்குள்ளே மட்டும் உதவும்.

கைபேசி மட்டுமே உள்ளவர்கள் தாழ்வுணர்ச்சி கொள்ள வேண்டாம். நல்ல ஒலிவாங்கியுடன் கூடிய கைபேசி, ஒலிவாங்கி இல்லாத விலையுயர்ந்த கேமராவைவிட மேல். ஆனால் பல கைபேசிகள் சட்ட வேகத்தை நிலையாக வைப்பதில்லை. வெளிச்சத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும். நீண்ட பதிவில், தனியாக எடுத்த ஒலி படத்தை விட்டு மெல்ல விலகிச் செல்வது அதனால்தான். ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியில் நிலையான சட்ட வேகத்துக்கு மாற்றிய ஒரு வேலைப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

படியெடுப்பதில் பலரும் செய்யும் பிழை ஒன்று. ஏவிசிஹெச்டி வகைக் கேம்கார்டர் கார்டைத் திறந்தால் கோப்புறைக்குள் கோப்புறையாக இருக்கும். ஆழத்தில் ‘ஸ்ட்ரீம்’ என்பதற்குள் எம்டிஎஸ் கோப்புகள் கிடைக்கும். அவற்றை மட்டும் இழுத்து வைத்துக்கொண்டு மீதியைக் குப்பை என்று எறிந்துவிடுவார்கள். நீண்ட பதிவைக் கேமரா 2 அல்லது 4 ஜிபித் துண்டுகளாக உடைத்துத்தான் எழுதும்; எந்தத் துண்டு எதனோடு சேரும் என்ற செய்தி அந்தக் ‘குப்பை’யில் இருக்கிறது. அது இல்லாமல் ஒட்டினால் இணைப்பில் ஓரிரு அசைகள் விழுங்கப்படும். கார்டின் முழு அமைப்பையும் அப்படியே ஒரு கோப்புறையாகப் படியெடுத்து, தேதி, இடம், வரிசையெண் என்று பெயரிடுங்கள். இரண்டு படிகள் எடுத்து, எம்டி5 போன்ற சரிபார்ப்பு எண்ணால் ஒப்பிட்ட பின்னரே கார்டை வெறுமையாக்கலாம்.

இதனோடு சேர்த்து, உங்கள் துறை அலமாரியைத் திறந்து பாருங்கள். 1995 முதல் புழங்கிய மினிடிவி நாடாக்கள் அங்கே இருக்கக்கூடும். கொச்சியின் இடவப்பாதி மழைக்காலம் பூஞ்சைக்குப் பெருவிருந்து. ஒரு மணி நேர மினிடிவி நாடா சுமார் 13 ஜிபி கோப்பாகும். ஃபயர்வயர் துளையுள்ள பழைய கணினியும் நாடாவை ஓட்டும் கேமராவும் இருந்தால், தரம் சிறிதும் குறையாமல் அதில் உள்ள எண்களை அப்படியே இறக்கலாம். அருகிலுள்ள கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் கொடுப்பதாயின், டிவிடியாக வேண்டாம், மறுபடி சுருக்கப்படாத டிவி கோப்பாகவே வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மஞ்சள்-சிவப்பு-வெள்ளைக் கம்பியில் இறக்கித் தருவதாகச் சொன்னால் வேறு கடை பாருங்கள். விஹெச்எஸ் நாடாவின் நிலை இன்னும் மோசம். உலகின் கடைசி விசிஆர் உற்பத்தியாளரான ஃபுனாய் 2016இலேயே கடையைக் கட்டிவிட்டது.

மென்பொருளுக்கு வருகிறேன். ‘பிரீமியர் கிராக் இருக்கிறதா?’ என்பது ஆய்வாளர் விடுதியின் தேசிய கீதம். சட்டம், அறம் ஒருபுறமிருக்கட்டும். தன்னலமே இதைத் தடுக்க வேண்டும். ஏன் என்பதற்கு வரலாறு போதும். 2011இல் ஃபைனல் கட் புரோ புதிய வடிவெடுத்தபோது பழைய பதிப்பில் செய்த வேலைகளைத் திறக்க மறுத்தது. 2013இல் அடோபி தன் மென்பொருள்களை மாதச்சந்தாவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. சந்தா நின்றால் உங்கள் தொகுப்பும் பூட்டப்படும். 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் மூவி மேக்கரைக் கைவிட்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் டிக்டாக் மட்டுமா இருந்தது? விவாவீடியோவும் இருந்தது, அதில் கைபேசியிலேயே தொகுத்துவந்தவர்கள் கை பிசைந்தனர். முனைவர் பட்டம் ஐந்தாறு ஆண்டு வேலை. அதைவிடக் குறைந்த ஆயுளுள்ள பாத்திரத்தில் ஏன் சமைக்கிறீர்கள்?

கேரளப் பள்ளிகளின் லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் கேடன்லைவ் என்னும் கட்டற்ற மென்பொருளில் படம் தொகுக்கப் பயில்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பல்கலைக்கழகம் வந்ததும் நாம் அவர்களுக்குத் திருட்டு மென்பொருள் தருகிறோம்! கேடன்லைவின் தொகுப்புக்கோப்பு வெறும் எக்ஸ்எம்எல் உரை. எந்தக் கோப்பின் எந்த விநாடி எங்கே வைக்கப்பட்டது என்பதை மென்பொருள் இல்லாமலே படித்துவிடலாம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். கனமான கோப்புகளுக்கு இலகுவான பதிலிப்படி செய்துகொள்ளும் வசதி உண்டு. குறையும் உண்டு: சிலவேளை திடீரென மூடிக்கொள்ளும், ஆகவே அடிக்கடி சேமிக்க வேண்டும். இதைவிட எளியது வேண்டுமென்றால் ஷாட்கட். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு ஆற்றல் மிக்கதுதான். ஆனால் நல்ல வரைகலை அட்டை கேட்கும், தொகுப்பைத் தன் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்ளும், லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு ஹெச்.264 கோப்புகளைத் திறப்பதில்லை. நிறச்சீரமைப்பே உங்கள் ஆய்வுப்பொருளாக இருந்தாலன்றி அது தேவையில்லை.

உண்மையில் ஆய்வாளருக்கு முதலில் வேண்டியது தொகுப்பு மென்பொருளே அன்று, குறிப்பு மென்பொருள். நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தார் உருவாக்கிய ஈலான் இலவசமாகக் கிடைக்கிறது. காணொளியின் கீழே அடுக்கடுக்காக எழுதலாம்: ஓர் அடுக்கில் பேசியபடியே எழுத்துப்பெயர்ப்பு, அடுத்ததில் மொழி எங்கே மாறுகிறது, அதற்கடுத்ததில் கைச்செய்கை. ஒவ்வொரு குறிப்பும் நேரத்தோடு கட்டப்பட்டிருக்கும். ‘கஞ்சி போடுதல்’ என்ற சொல் பத்து மணி நேரப் பதிவில் எங்கெல்லாம் வந்தது என்று தேடினால் விநாடிக் கணக்கில் காட்டும். இதன் உட்பொருளைக் கவனியுங்கள்: மூலக்கோப்பை வெட்டினாலோ அழித்தாலோ அத்தனை குறிப்பும் அனாதையாகும். ஈலானில் ஒரு மாதம் வேலை செய்தவர் அதன்பின் மூலப்பதிவை அழிக்கமாட்டார். அறிவுரையைவிட இந்தக் கருவி நன்றாகவே கற்பிக்கிறது.

‘யூடியூபில் ஏற்றிவிட்டேன், பத்திரமாக இருக்கும்’ என்பது அடுத்த மூடநம்பிக்கை. ஏற்றியதை யூடியூப் மீண்டும் சுருக்குகிறது. நீங்கள் திரும்ப இறக்குவது மூலமன்று. பட்டியலிடப்படாத காணொளி என்பது மறைவானதும் அன்று. இணைப்பைப் பெற்றவரெல்லாம் பார்க்கலாம். அதுவும் நிலையன்று: 2017க்கு முன் அவ்வாறு ஏற்றியவற்றை 2021 ஜூலையில் யூடியூப் ஒட்டுமொத்தமாகத் தனிப்பட்டதாக்கியது, கட்டுரை அடிக்குறிப்புகளில் கொடுத்த இணைப்புகள் ஒரே நாளில் செத்தன. ‘பல்கலைக்கழக கூகுள் கணக்கில் வரம்பில்லாத இடம்’ என்றார்கள்; 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுமைக்கும் அடிப்படை அளவு 100 டெராபைட் என்றாயிற்று; நிறுவனங்கள் தனிநபர் பங்கைச் சுருக்கத் தொடங்கின. தவிரவும், பட்டம் பெற்றால் அந்தக் கணக்கே போய்விடும். ஆய்வேடு சோத்கங்காவில் உரையாகச் சேர்ந்துவிடுகிறது. அது எந்தப் பதிவுகளின் மேல் நிற்கிறதோ அவை நம் மேசையறையில் ஒரே வன்தட்டில் கிடக்கின்றன.

மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேற்றூரில் என்பது உலகறிந்த விதி. நம்மவர் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். 2018 ஆகஸ்டில் ஆலுவாவும் பறவூரும் மூழ்கியதைக் கண்ட பின்னும் இரண்டு வன்தட்டையும் ஒரே அலமாரியில் வைப்பவரை என்னவென்பது? ஒன்றைச் சொந்த ஊருக்கு அனுப்புங்கள். முடிந்தால் முறையான ஆவணக்காப்பகத்தோடு தொடக்கத்திலேயே பேசுங்கள். இசை, நிகழ்கலை எனில் 1982 முதல் இயங்கும் குருகிராமின் இசையினவியல் ஆவண ஆய்வு மையம் உண்டு.

இனி, பகிர்வு என்ற சொல்லை நாம் இன்னொரு ஆய்வாளருக்கு அனுப்புவது என்றே கொள்கிறோம். பதியப்பட்டவர் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1994 திருத்தத்தின் பின், பாடுபவருக்கும் ஆடுபவருக்கும் நிகழ்த்துநர் உரிமையைத் தருகிறது. 39ஆம் பிரிவு உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமான பதிவுக்கு விலக்களிக்கிறது. ‘மட்டும்’ என்ற சொல்லைப் பாருங்கள். ஆராய்ச்சி என்று சொல்லி எடுத்ததை விளம்பர வருவாய் வரும் அலைவரிசையில் ஏற்றும்போது அந்த விலக்கு உங்களைக் காக்கும் என்று எண்ணாதீர்கள். சம்மதம் ஒன்றன்று, நான்கு: பதிய, ஆராய, வகுப்பில் காட்ட, இணையத்தில் இட. நான்கையும் அவர் பேசும் மொழியிலேயே தனித்தனியாகக் கேட்டு, விடையைக் கேமராவிலேயே பதியுங்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் கையொப்பம் வாங்குவது நெறிமுறைக் குழுவின் மனநிறைவுக்கு மட்டுமே.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானது. மூலப்பதிவைத் திருப்பிக் கொடுத்தால் ஒருவர் மற்றொருவரைப் பற்றிச் சொன்னது வெளியாகிச் சண்டை வரும் என்கிறார்கள். வரலாம். நெருங்கி வாழும் சிறு சமூகத்தில் ஒரு வாக்கியம் பல ஆண்டுப் பகையாகும். ஆகவே ஒவ்வொருவருக்கும் அவரவர் பேட்டியை மட்டும் கொடுங்கள். திருவிழா, வழிபாடு, வேலைமுறை போன்ற பொதுப்பதிவுகளை எல்லோருக்கும் கொடுங்கள். ஊறு விளைக்கக்கூடிய பகுதியை ஈலானில் குறித்து, இத்தனை ஆண்டு மூடி வைப்பது என்று எழுதி வையுங்கள். மூடி வைத்தல் வேறு, அழித்தல் வேறு. பேசியவரே அழிக்கச் சொன்னால் அழியுங்கள். அந்த உரிமை அவருடையது, இடமில்லாத கார்டினுடையதன்று. ‘படம் என்பது கலை, தேர்வுதான் அதன் உயிர்’ என்ற மறுப்பைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. கலை செய்யுங்கள். படி எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கொடுப்பதிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் நசுங்கிப் போகும். ஆவணமாக இணைத்தால் 2 ஜிபிவரை நசுங்காமல் செல்லும். அதைவிடப் பென் டிரைவ் நல்லது. ஆயின் பேட்டி கொடுத்த வீடுகளில் கணினி இராது, தொலைக்காட்சி இருக்கும். பழைய தொலைக்காட்சிகள் பல ஃபேட் 32 அமைப்பை மட்டுமே படிக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. புதிய கைபேசிகள் எடுக்கும் ஹெச்.265 அங்கே ஓடாமல் போகலாம். ஆகவே கொடுக்கும் படியை மட்டும் 720 அளவில் ஹெச்.264 எம்பி4ஆக மாற்றி, அரைமணித் துண்டுகளாக்கி, கோப்புப்பெயரில் பேசியவரின் பெயரை இடுங்கள். அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே செருகி, படமும் ஒலியும் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் படியிறங்குங்கள்.